சொல்லாமல் மறைத்த இரவு

தூத்துக்குடியில் ஒரு அக்கா தன் வீட்டுப் பின்கட்டில் நடத்தும் பூனைக் காப்பகத்தில் குட்டிகள் வரிசையாகச் செத்துப்போனதற்கு நான்தான் காரணம். காரணம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தேன். இரண்டையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் போகும், ஆனாலும் துறைமுகத்து ஏலக்கூடம் ஓய்ந்துவிடும். ஏலத்தில் சிந்தும் சாளையையும் காரலையும் நம்பி வாழும் பூனைகளுக்கு அது பட்டினிக் காலம். சாயங்காலமானால் அக்கா சோற்றில் வேகவைத்த மீனைப் பிசைந்து வாளியில் எடுத்துக்கொண்டு அங்கே போவார். துணைக்கு நானும் போவேன். அப்படிப் போன ஒருநாள், வலைக்குவியலுக்கு அடியில் கண்ணில் பீளை கட்டிய ஒரு குட்டி கிடைத்தது.

காப்பகத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. புதிதாக வரும் பூனை எதுவானாலும் 14 நாள் தனியறையில்தான் இருக்க வேண்டும். அதற்கென்று தனித் தட்டு, தனி மணல் தொட்டி, உள்ளே போகிறவர்களுக்குத் தனிச் செருப்பு. நான் சேர்ந்த புதிதில் அக்கா சொன்னார்: “எங்க தாத்தா முத்துக்குளிச்சவரு தம்பி. சர்க்கார்ல சிப்பி கெடக்குற பார் பாத்து, அது முத்திருக்குன்னு சொன்ன பிறகுதான் கடல்ல இறங்குவாங்களாம். அவசரப்பட்டா ஒண்ணும் மிஞ்சாது.” இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்துப் பொறுமை அவர் குடும்பத்தில் தங்கியிருந்தது.

எனக்கோ தனிமை என்றாலே கொடுமை. 2020 பிப்ரவரியில், சீனாவிலிருந்து பொம்மை ஏற்றிவந்த கன்டெய்னரில் ஒரு பூனை சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். பீட்டா இந்தியா போன்றவர்கள் எதிர்த்துப் போராடி, ஏப்ரலில் அது வெளியே வந்தது. செய்தியைப் படித்துக் கொதித்தவர்களில் நானும் ஒருவன். பூட்டிவைப்பது இரக்கமில்லாதவர்கள் செய்கிற காரியம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஆதாரமில்லாத பயம் எது, அனுபவப்பட்டவர்கள் செய்கிற எச்சரிக்கை எது என்று பிரித்துப் பார்க்க நான் மெனக்கெடவில்லை.

வலைக்குவியலில் கிடைத்த குட்டியைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்த அன்று இரவுக் காவல் என் முறை. தனியறையில் குட்டி தொண்டை கட்டும்வரை கத்தியது. பொறுக்காமல் கதவைத் திறந்து அதைத் தூக்கி, ஒரு பச்சைப் போர்வையில் சுற்றி, மற்ற குட்டிகளுக்கு நடுவில் கிடத்தினேன். உடனே தூங்கிவிட்டது. விடிவதற்குள் திரும்பத் தனியறையில் விட்டேன். போர்வையைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, அலமாரியில் மடித்து வைத்தேன். கருணையாக ஏதோ செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

சில நாளில் அந்தக் குட்டி வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை. அடுத்து உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக விழுந்தன. பான்லுகோபீனியா என்றார் கால்நடை மருத்துவர். ரத்தத்தின் வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும் வைரஸ். அதை நேரடியாகக் கொல்ல மருந்தில்லை. குளுக்கோஸ் ஏற்றித் தாங்கிப்பிடிக்கத்தான் முடியும். துணியிலும் தரையிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும், சோப்புக்கு மசியாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும் என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். “துறைமுகத்துல மிதிச்ச செருப்போட உள்ள வந்திருப்பேன். நான்தான் கொண்டாந்துட்டேன்.” அன்றோடு வாளி எடுத்துப் போவதை நிறுத்தினார். தடைக்காலம் முடியவில்லை, அங்கே பூனைகள் காத்துக்கிடந்திருக்கும். நான் பக்கத்தில் நின்று, “விடுங்கக்கா, யாருக்குத் தெரியும்” என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகக் கேவலமான வார்த்தை அதுதான். ‘பூனைன்னா அவனுக்கு உயிரு’ என்று எல்லாரும் சொல்லும் பேரை இழக்க எனக்கு மனமில்லை.

மழைக்காலத்தில் புதுக்குட்டிகள் வந்தன. அக்கா அலமாரியிலிருந்து அந்தப் பச்சைப் போர்வையை எடுத்து உதறினார். அது அங்கே இருப்பதையே நான் மறந்திருந்தேன். “அத விரிக்காதீங்கக்கா” என்று கத்தினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. “ஏய்யா, இத்தன மாசமா இத மனசுல வச்சுக்கிட்டா எங்கூட உக்காந்து சாப்பிட்ட?” என்று மட்டும் கேட்டார். அலமாரித் துணி முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார். அதன்பின் எனக்கு இரவுக் காவல் தரவில்லை. அது சரிதான்.

காப்பகங்களுக்கு உதவ வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள். மறுநாள் காலையிலேயே நான் சொல்லியிருந்தால் குட்டிகளைப் பிரித்து வைத்திருப்பார்கள், வயது வந்தவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், முதல் வாந்திக்கே வைத்தியம் தொடங்கியிருக்கும். சில பிழைத்திருக்கலாம். அந்த வாய்ப்பை என் நல்ல பேருக்காக நான் பறித்துக்கொண்டேன்.