ஃபெயிலே இல்லாத பரீட்சை

"பிளேஸ்மென்ட் டெஸ்ட்டா? காலேஜே இன்னும் தொறக்கலையே, அதுக்குள்ள எந்தக் கம்பெனி வந்திருக்கு?"

கும்பகோணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்ட பாட்டியின் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் பிளேஸ்மென்ட் என்றால் கடைசி வருஷம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், வேலை. அமெரிக்காவில் அதே சொல் கல்லூரி வாசலிலேயே வழிமறிக்கிறது. இடம் கிடைத்தாயிற்று, விண்ணப்பக் கட்டணமும் கட்டியாயிற்று. இனி எந்தப் படியில் இருக்கும் கணக்கு வகுப்பில், எந்தப் படியில் இருக்கும் ஆங்கில வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு கட்டவே இந்தத் தேர்வு.

பேத்தி பிளஸ் டூவில் கணிதப் பிரிவு. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. குடும்பத்துக்கு கிரீன் கார்டு வந்து, ஜூலைக் கடைசியில் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து இறங்கினாள். இந்த மாநிலத்தில் கவுண்டி கல்லூரி என்று எல்லோரும் சொல்லும் இரண்டு வருஷ அரசுக் கல்லூரிகள் 18 இருக்கின்றன. கட்டணம் குறைவு, இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். அப்படி ஒன்றில் சேர்ந்தாள். இருபது வருஷமாக இங்கே இருக்கும் சித்தப்பா தைரியம் சொன்னார்: "இதுல பாஸ், ஃபெயில்லாம் கிடையாதும்மா. சும்மா போய் எழுதிட்டு வா."

நீட் வருகிறதென்றால் வீட்டில் டிவி கேபிளைப் பிடுங்கி வைக்கிற சமூகம் நாம். அதே சமூகம், விமானத்திலிருந்து இறங்கிய நாலாம் நாள், உடம்பு இன்னும் ராத்திரி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு காலை வேளையில், அந்தப் பெண்ணைத் தேர்வுக்கூடத்துக்கு அனுப்பி வைத்தது. ஃபெயில் கிடையாது என்று சொல்லிவிட்டதால் அது பரீட்சைக் கணக்கிலேயே சேரவில்லை.

எழுதி முடித்த சில நிமிஷங்களில் முடிவு வந்தது. நம்மூரில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் போட்டு முடித்த இயற்கணிதத்தை மறுபடி தொடங்கும் வகுப்பு. அதற்குப் பணம் கட்ட வேண்டும். பட்டத்துக்கான கிரெடிட்டில் அது சேராது. அவள் படிக்க நினைத்தது பொறியியல். கால்குலஸ் தொடங்கவே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஃபெயில் இல்லைதான்.

என்ன நடந்தது? கணக்கு தெரியாமல் இல்லை. அவள் எழுதியது அக்யூபிளேசர். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் அதே காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. கணக்கில் ஒவ்வொரு பகுதிக்கும் 20 கேள்வி, மதிப்பெண் 200-இலிருந்து 300 வரை. நேர வரம்பு கிடையாது. ஆனால் பிறந்ததிலிருந்து கடிகாரத்தோடு ஓடிப் பழகிய பெண்ணுக்கு யார் அதைச் சொன்னார்கள்? 20 கேள்வியையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பெருமையாக எழுந்து வந்திருக்கிறாள். பக்கத்து மேஜைப் பையன் அப்போது நாலாவது கேள்வியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தானாம்.

இந்தத் தேர்வு ஆளைப் பார்த்து நகரும். சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும். தப்பாகப் போட்டால் இறங்கிவரும். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் இல்லை. அதனால், விடையைக் கொடுத்து அடுத்ததற்குப் போனபின் திரும்பி வர வழியில்லை. "தெரியாத கேள்வியை விட்டுட்டுப் போ, கடைசியில் வந்து பார்த்துக்கலாம்" என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து நம் டீச்சர்கள் சொல்லிக்கொடுத்த உபாயம் இங்கே செல்லாக்காசு. முதல் சில கேள்விகளில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று அவள் நகர்ந்திருக்கிறாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

சொற்கள் வேறு காலை வாரின. நம் ஆங்கிலவழிப் புத்தகத்தில் சர்ட்ஸ் என்பது இங்கே ரேடிகல்ஸ். இண்டைசஸ், எக்ஸ்பொனன்ட்ஸ் ஆகிவிட்டது. ஹெச்சிஎஃப் என்றால் யாருக்கும் புரியாது, ஜிசிஎஃப். போட்மாஸ் இங்கே பெம்டாஸ். நேர்கோட்டுச் சமன்பாட்டின் கடைசியில் நாம் போடும் சி, இவர்களுக்கு பி. எல்லாவற்றையும்விடக் குழப்பம் சரிவகம்: நாம் ட்ரபீசியம் என்று படித்ததை அமெரிக்கர்கள் ட்ரபிசாய்ட் என்கிறார்கள். தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைக்கு இது இரட்டைப் பாலம். சரிவகத்திலிருந்து முதலில் ட்ரபீசியத்துக்கு, அங்கிருந்து ட்ரபிசாய்டுக்கு.

அளவைகள் இன்னொரு தொல்லை. ஒரு அடிக்கு 12 அங்குலம் என்பது துணி தைத்த வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியும். ஒரு மைலுக்கு 5,280 அடி, ஒரு கேலனுக்கு 4 குவார்ட், ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதெல்லாம் இங்கே பால் வாங்கியே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நாக்கு நுனியில் நிற்கும். தேதியை மாதத்தில் தொடங்குவார்கள். லட்சம், கோடி கிடையாது. மில்லியனுக்கு எத்தனை சைபர் என்று விரல் மடக்கும் நேரத்தில் நம்பிக்கை கொஞ்சம் கரைந்துவிடும். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே ஒன்று எட்டிப் பார்க்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குத்தான் லாபம். பதினாறாம் வாய்ப்பாடு இங்கே யாருக்கும் மனப்பாடம் இல்லை.

கட்டுரைப் பகுதிக்கு ரைட்பிளேசர் என்று பெயர். ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து, உன் நிலை என்ன என்று கேட்கும். 300-இலிருந்து 600 சொற்களுக்குள் எழுதினால் நல்லது. திருத்துவது ஆள் இல்லை, மென்பொருள். 8-க்கு மதிப்பெண் போடும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று துணைத்தலைப்பு போட்டு, நன்மை நாலு, தீமை நாலு எழுதி, ஒரு பொன்மொழியால் மூடும் கட்டுரையே நமக்குப் பழக்கம். அவளும் அப்படித்தான் எழுதினாள். கேட்டதோ வேறு: ஒரு பக்கம் நில், ஏன் என்று சொல், உன் வாழ்க்கையிலிருந்தோ நீ பார்த்ததிலிருந்தோ ஒரு சான்று காட்டு. இரண்டு பக்கமும் சரிசமமாகப் பேசிய பிள்ளையை, இதற்குக் கருத்தே இல்லை என்று இங்கே முடிவு கட்டிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தேர்வுகளின் மேல் அமெரிக்கர்களுக்கே முழு நம்பிக்கை கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில், சமுதாயக் கல்லூரி எனப்படும் இந்த இரண்டு வருஷக் கல்லூரிகளை ஆராயும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் என்ற பொருளியலாளர் 2012-இல் ஒரு பெரிய நகரத்தின் கல்லூரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். அப்போது பரவலாக இருந்த காம்பஸ் என்ற தேர்வை வைத்துப் பிரித்தவர்களில், கணக்கில் சுமார் நால்வரில் ஒருவரும், ஆங்கிலத்தில் சுமார் மூவரில் ஒருவரும் படுமோசமாக இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் மேலே இருக்க வேண்டியவரைக் கீழே தள்ளியதுதான் அதிகம். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்திருந்தாலே தவறு குறைந்திருக்கும் என்றார் அவர். காம்பஸை நடத்திய ஏசிடி நிறுவனம் 2016-ஓடு அந்தத் தேர்வையே கைவிட்டது.

கீழே தள்ளினால் என்ன, ஏறி வரட்டுமே என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் அப்படித் தெரியும். பெருக்கிப் பார்த்தால் தெரியாது. கல்லூரிக் கணக்குக்கு முன் மூன்று படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 70 பேர் தேறுகிறார்கள், மோசமில்லை. மூன்றாம் படி முடியும்போது கையில் மிஞ்சுவது 34 பேர். மற்றவர்கள் எல்லாம் தோற்றவர்கள்கூட இல்லை. ஒரு பருவத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னொன்றில் கடை வேலைக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, அப்படியே நின்றுபோனவர்கள்.

கலிஃபோர்னியா இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துச் சட்டமே கொண்டுவந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஜாக்கி இர்வின் கொண்டுவந்த ஏபி 705 மசோதாவில் 2017-இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்டார். சமுதாயக் கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே மாணவரை உட்கார வைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் பல்கலைக்கழக நிலைப் பாடத்தை முடிக்க வழி செய்ய வேண்டும். ஃப்ளோரிடா அதற்கு முன்பே, 2013-இல், மாநில அரசுப் பள்ளிகளில் படித்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தேர்வு கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது.

அப்படியானால் தேர்வே வீண் என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. அதே மாநிலத்தில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2025 நவம்பரில் ஆசிரியர் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்குப் பள்ளிக் கணக்கே போதவில்லை. அடிப்படை வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு, ஏழும் இரண்டும் சேர்ந்தது எதுவும் ஆறும் சேர்ந்ததற்குச் சமம் என்று கேட்டால், ஏறக்குறைய கால்வாசிப் பேர் தப்பு. அவர்களில் பலர் பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். ஆக, மதிப்பெண்ணும் பொய் சொல்கிறது, தேர்வும் பொய் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கல்லூரியே நல்ல கல்லூரி என்பது என் கட்சி.

நாலு வருஷப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நடப்பது அலெக்ஸ் என்ற கணக்குத் தேர்வு. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான்-குளோட் ஃபால்மானும் ழான்-போல் டுவானியோனும் 1985-இல் வகுத்த கணிதக் கோட்பாடு ஒன்றே இதன் வேர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் மென்பொருளாக வளர்ந்தது. அதிகபட்சம் 30 கேள்வி. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இல்லை, விடையைத் தட்டச்ச வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த நம் பிள்ளைகளுக்குக் கை வராது. நம்மூர் வினாத்தாளில் வெற்றிடம் விடுவது பாவம் அல்லவா? ஆனால் அந்தப் பொத்தானை நாணயமாக அழுத்தினால், எது தெரியவில்லையோ அதைக் கற்றுக்கொடுக்கும் பாடங்களை அதுவே திறந்து காட்டும். படித்துவிட்டு மறுபடி எழுதலாம். எத்தனை முறை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

அலெக்ஸை வீட்டிலிருந்தே எழுத விடும் கல்லூரிகளும் உண்டு. எடிசனில் ஒரு தமிழ் வீட்டில், ஐடி வேலை பார்க்கும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து மருமகனுக்காக 90-க்கு மேல் எடுத்துக் கொடுத்தார். பையன் நேராக கால்குலஸ் வகுப்பில் போய் விழுந்தான். அக்டோபரில் வகுப்பை விட்டுவிட்டான். ட்ரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ என்ற எழுத்து நிற்கிறது. மாமா நல்ல மார்க் எடுத்தார் என்று வீட்டில் இன்னும் கேலி.

மொழிக்கும் இப்படி ஒரு தேர்வு உண்டு. பட்டத்துக்கு ஒரு பிறமொழி தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அங்கே தமிழ் வகுப்புக்குப் போனால் வினோதமான சிக்கல் வரும். பாட்டியோடு மணிக்கணக்காகப் பேசுவார்கள், "ழ" சுத்தமாக வரும். கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் தெரியாது. முதல் வகுப்பா, இரண்டாம் வருஷமா? வாயும் கண்ணும் வேறு வேறு வகுப்பில் இருக்கும் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று தமிழாசிரியர்களும் தலையைச் சொறிகிறார்கள்.

கும்பகோணத்துப் பெண்ணின் கதைக்கு வருவோம். சித்தி, சித்தப்பாவைவிடக் கெட்டிக்காரி. கல்லூரிக்கு நேரே போய் ஆலோசகரைப் பார்த்தாள். மறுபடி எழுதலாமா? ஒரு முறை எழுதலாம், சிறு கட்டணம். பயிற்சி? காலேஜ் போர்டின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பெண் இரண்டு வாரம் எடிசன் நூலகத்தில் உட்கார்ந்தாள். கணக்கைப் படிக்கவில்லை, அதன் அமெரிக்கப் பெயர்களைப் படித்தாள். தினம் ஒரு கட்டுரை, ஒரு பக்கம் மட்டும் பேசும் கட்டுரை. இரண்டாம் முறை இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ப்ரீகால்குலஸில் இடம், ஆங்கிலத்தில் நேராகக் கல்லூரி நிலை. ஜனவரியில் கால்குலஸ்.

ஜனவரிப் பருவத்துக்கு விமானம் ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊறுகாய்ப் பாட்டிலை வைப்பதற்கு முன், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பள்ளி முத்திரையோடு உறையிலிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஊரிலிருந்தே கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். என்ன தேர்வு, இந்த மதிப்பெண்ணோ எஸ்ஏடியோ இருந்தால் விலக்கு உண்டா, எத்தனை முறை எழுதலாம் என்று மூன்றே கேள்வி. பதில் வந்தபின் தேதி வாங்குங்கள். அந்தத் தேதி, வந்து இறங்கி ஒரு வாரமாவது கழித்து இருக்கட்டும்.