மேடையும் மன்றும்

பேச்சுரிமை பற்றிய விவாதங்கள் தலைநகரத்துக்கே உரியன என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. ஆயின், இலங்கையின் சட்ட வரலாற்றிலே பேச்சுரிமைக்கு அரணாய் அமைந்த வழக்கொன்று மலையகத்து மேடையிலிருந்தே பிறந்தது.

மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்திலே தேயிலைத் தொழில் பயில 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில். தொழிலாளர் பக்கம் நின்றமையால் அவர் வேலையை இழந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில், திரளான தோட்டத் தொழிலாளர் முன்னிலையில், துரைமாரின் போக்கை அவர் வன்மையாகக் கண்டித்தார். நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். தலைமறைவாயிருந்த பிரேஸ்கேடில் மே மாதத்தில் கைதானார்.

ஆட்கொணர்வு மனுவின் பொருட்டு உயர் நீதிமன்றத்திலே வாதாடியவர் எச். வி. பெரேரா. பிரேஸ்கேடிலின் கொள்கை சரியா, தவறா என்பது அங்கு வினாவாகவில்லை. நாடு கடத்தும் அதிகாரம் எங்கிருந்து வந்தது, எந்நிலைக்கென வழங்கப்பட்டது என்பதே வினா. அவசர நிலைக்கென அளிக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்திலே பயன்படுத்தல் ஆகாது என மே 18ஆம் நாள் மன்று தீர்ப்பளித்தது. பிரேஸ்கேடில் விடுதலையானார். ஆரவாரத்துக்கும் அச்சத்துக்கும் நடுவே நின்று, 'உனக்கு இவ்வதிகாரம் உண்டா?' என ஆள்வோரை வினவுவதே சட்ட அறிஞரின் முதற்கடன் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

எனினும் பேசியவரைக் காத்த சட்டம் கேட்டவரைக் காத்ததா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும், மறு ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும், மலையகத் தமிழருட் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். ஓர் இனத்தார்மீது மட்டும் குறைபாடு சுமத்துவதை அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. கோடகன் பிள்ளை வழக்கிலே அப்பிரிவே எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் 1953இல் பிரிவி கவுன்சில் அச்சட்டங்கள் செல்லும் என்றே முடிவு கூறியது. சட்டத்தின் சொற்களில் இனத்தின் பெயர் இல்லை. அதன் சுமையோ ஓர் இனத்தின் தோளிலேயே பெரிதும் விழுந்தது.

இங்குதான் சட்ட அறிஞரின் இரண்டாங்கடன் தொடங்குகின்றது. தீர்ப்போடு வழக்கு முடியலாம். நீதி பற்றிய விவாதம் முடிவதில்லை. பிரசாவுரிமையின்றி எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. அதனைத் தந்தது நீதிமன்றமன்று, நாடாளுமன்றம். ஆகவே மன்று கதவடைக்குமிடத்து அறிஞர் மேடையேறல் வேண்டும். தீர்ப்பின் ஆங்கிலத்தை லயத்து மக்களின் தமிழில் விளக்குதல் வேண்டும். உரிமை இன்னதென அறியாதவன் அதனை இழந்ததையும் அறியான். நாவலப்பிட்டி மேடையில் எழுந்த குரல் காக்கப்பட்டது. அதனைக் கேட்டு நின்றோரின் குரலும் காக்கப்படும்போதே அத்தீர்ப்பு நிறைவு பெறும்.