அப்பம்மா வீட்டுக்கு ஒரு விமானம்

வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. “லண்டனா, சிங்கப்பூரா?” என்று ஆவலாகக் கேட்பார்கள். யாழ்ப்பாணம் என்றதும் கேட்டவர் முகத்தில் பாதி வெளிச்சம் அணைந்துவிடும். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் போய்ச் சேருவதற்குள் யாழ்ப்பாணத்துக்குப் பறந்துபோய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். இருந்தாலும் வெளிநாடு வெளிநாடுதான். பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். எட்டு மாதப் பயலுக்கும் வேண்டும்!

அவனுக்குப் பாஸ்போர்ட் எடுத்த கதையைத் தனியாகவே எழுதலாம். வெள்ளைப் பின்னணி, திறந்த கண், மூடிய வாய், நேர்ப் பார்வை. இந்த நாலும் ஒரே விநாடியில் அமைய வேண்டும். கண் திறந்தால் வாய் திறக்கிறது. வாயை மூடினால் தூங்கிவிடுகிறான். போட்டோக்காரர் கிலுகிலுப்பை, சாவிக்கொத்து, கடைசியில் தன் வழுக்கைத் தலை வரைக்கும் ஆட்டிக் காட்டினார். அந்தப் படம் ஐந்து வருஷம் செல்லும். முழுப் பல்லோடு நிற்கப்போகிறவனை இந்த மொட்டையோடு ஒப்பிடப்போகும் அதிகாரி பாவம்.

மாமியார் இங்கே வரலாமே என்பீர்கள். மாமனாருக்குப் பக்கவாதம். அவரை விட்டு ஒரு பொழுதுகூட நகர மாட்டார். எட்டு மாதமாகப் பேரனைப் பார்த்ததெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். “ஒருக்காப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டும்” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதிகம் கேட்காதவர்கள் கேட்டால் மறுக்க முடியாது.

எனக்கு விமானத்தை நினைத்துப் பயமில்லை. பயமெல்லாம் எங்கள் பயலை நினைத்துத்தான். எட்டாவது மாதம் பிறந்ததிலிருந்து புது முகம் கண்டால் வீரிட்டு அழுகிறான். பிறந்த நாள் முதல் தூக்கின பக்கத்து வீட்டு அக்காவையே விரட்டிவிட்டான். “அம்மா யாருன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு, அதனால மத்தவங்க யாருன்னும் தெரியுது. எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான்” என்றார் டாக்டர். சரி, இதை அப்பம்மாவுக்கு யார் சொல்வது?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். விமானம் ஏறும்போது விட்டுவிடுங்கள், இறங்கும்போதுதான் காது வலிக்கும். அப்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும் என்று. எங்களுடையது இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். கிரைண்டர் சத்தம் கேட்டாலே தூங்குகிறவன், ரன்வேயிலேயே தூங்கிவிட்டான். கீழே கடல் முடிந்து பனைமரங்கள் தெரிந்ததும் எழுப்பிப் பால் கொடுத்தேன். காது பிழைத்தது. இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால் தூக்க நேரமும் பிழைத்தது.

பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்தது 2019 அக்டோபரில். அதற்கு முன் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து முழு நாள் சாலைப் பயணம். கைக்குழந்தைக்காரர்களுக்குத்தான் தெரியும் இதன் அருமை.

வெளியே மாமி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். பயல் பார்த்தான். உதடு பிதுங்கியது. அப்புறம் ஒரு கதறல்! மாமி மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார். “நித்திரைக் குணம்” என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பலாலி வீதி நெடுக செம்மண் தோட்டம், வாழை, வெங்காயம் என்று இவர் காட்டிக்கொண்டே வந்தார். மாமி மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை கழற்றித் துடைத்தார்.

(மாமி என்றதும் மயிலாப்பூர் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் மாமியார் மாமிதான்.)

வீட்டில் எல்லாம் தயார். “ஏணை கட்டியிருக்கு” என்றார்கள். எங்கள் ஊர்த் தூளி. “குரக்கன் கரைச்சுக் குடுக்கிறனீரோ?” என்றார் மாமி. ஏதோ நாட்டு மருந்து என்று பயந்தேன். கேழ்வரகு! சுண்ணாம்புக் கல் பூமி, கிணற்றுத் தண்ணீர் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாதோ என்று கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் ஒரு குடம் மூடி வைத்திருந்தார்.

வந்த உறவெல்லாம் தூக்கப் பார்த்தது, வந்த உறவையெல்லாம் அழுது துரத்தினான். மாமி மட்டும் கிட்டே வரவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி ஏணையை ஆட்டிக்கொண்டே, “குறை நினைக்காதீங்க மாமி” என்றேன்.

“என்ன குறை? இவன்ர தேப்பனும் எட்டு மாசத்தில இப்பிடித்தான். ஒருத்தரிட்டையும் போகான்” என்றார். “ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கும் அப்பிடித்தான்.”

அது 1995 அக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்த நாள். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை வேறு.

“மாமா சைக்கிளில மூட்டையைக் கட்டி உருட்டுறார். மச்சாள் பிள்ளையை வாங்கப் பார்த்தா, கத்துறான். சைக்கிளில ஒரு மணித்தியாலம் வராத தூரம் பிள்ளை, எங்களுக்கு விடிஞ்சு போச்சு. ஒரு கையில இவன், மற்றக் கையில குடை. இந்தக் கை ஒரு கிழமைக்கு நிமிரேல்லை.”

இவர் பக்கத்து அறையில் போனைப் பார்ப்பதுபோல் இருந்தார். போன் வெளிச்சம் எப்போதோ அணைந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை. மாமி திண்ணையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். பயல் தவழ்ந்து போய்ச் சேலைத் தலைப்பை இழுத்தான். மாமி திரும்பவில்லை. ஒரு காம்பை மட்டும் அவன் பக்கம் தள்ளிவிட்டார். அதை எடுத்தான், போட்டான், மடியில் ஏறினான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றேன். அன்று மத்தியானம் எங்களுக்கு முருங்கையிலை கிடைக்கவில்லை.

கீழே இரண்டு பல் முளைத்திருந்ததால் ஐந்தாம் நாள் பல்லுக்கொழுக்கட்டை. யாழ்ப்பாணத்து வழக்கம். கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி பதித்து அவித்து, குழந்தையை உட்காரவைத்துத் தலைமேல் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை எல்லாம் பரப்பியிருக்கும். எதைத் தொடுகிறானோ அதுதான் எதிர்காலமாம். இவன் எதையும் தொடவில்லை. மேலேயிருந்து விழுந்த கொழுக்கட்டையை அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டான். மச்சாள் ஓடிவந்து விரலை விட்டுத் தேங்காய்ச் சொட்டைத் தோண்டி எடுத்தார்.

சாய்வு நாற்காலியிலிருந்து மாமனார் வாய் குழறி என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. “வயித்துக்கு வஞ்சகம் செய்ய மாட்டானாம்” என்றார் மாமி. அந்த வாரம் அவர் பேசி நான் கேட்ட முழு வாக்கியம் அது ஒன்றுதான். மாமி அதை அன்று சாயந்திரமே கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.