பலகைக்கு முந்தியது லீஸ்

லண்டன் ஹாரோவில் அந்த அடுக்குமாடியின் பின்முற்றத்தில் கால் வைத்ததும் பலகையைத்தான் தேடினேன். நுழைவாயில் கம்பத்தில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், மஞ்சளாக ஒன்று தொங்கியது. பெர்மிட் வேண்டும் என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. மீறினால் 100 பவுண் என்பது அடியில், பொடி எழுத்துக்குள் கிடந்தது. அக்காவின் 14ஆம் இலக்கத் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு பலகை இல்லை. பெர்மிட் வைக்கவில்லை என்று பார்க்கிங் கம்பனி 100 பவுண் கேட்டு அக்காவுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது.

"பெர்மிட் டாஷ்போர்டிலதான் இருந்தது தம்பி. கதவு சாத்தேக்க விழுந்திருக்கும். 14 நாளுக்குள்ள கட்டினா 60 பவுணாம். கட்டிப்போட்டு விடுவமோ?"

எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில், "ஓம், கட்டிவிடுங்கோ" என்பதுதான். கடிதம் கவுன்சில் அபராதம் போலவே இருப்பதால் வருகிற பயம் அது. இது அபராதமே அல்ல. பலகையில் இருப்பதை ஏற்று நிறுத்தினீர்கள், பிறகு மீறினீர்கள் என்று ஒரு தனியார் கம்பனி கேட்கிற ஒப்பந்தப் பணம். 2015இல் உச்ச நீதிமன்றம் பீவிஸ் வழக்கில் 85 பவுண் கட்டணம் செல்லும் என்றது உண்மை. ஆனால் அது செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடம். இரண்டு மணி நேரம் இலவசம், அதற்குள் எடுத்தால்தான் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். தன் இடத்தில் தானே நிறுத்துகிறவர் யாருக்கு இடம் விடவேண்டும்?

மேலே போய்ச் சாப்பாட்டு மேசையில் லீஸை, அதாவது வீட்டின் நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தை, விரித்தோம். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் கொடுத்த கட்டு, அதுவரை பிரிக்கப்படாமலே இருந்தது. பின்னிணைப்பில் ஒரு வரைபடம், அதில் நீலக்கோடு போட்ட ஒரு செவ்வகம். அந்த இடத்தில் ஒரு கார் நிறுத்தும் தனியுரிமை இந்த வீட்டுக்கு உண்டு என்று எதிர்ப்பக்கத்தில் எழுதியிருந்தது. பெர்மிட் பற்றியோ பணம் பற்றியோ ஒரு சொல் இல்லை. பார்க்கிங் கம்பனியை நிர்வாக முகவர் கூட்டிவந்தது பல வருடம் கழித்து.

முதலிலேயே கொடுத்துவிட்ட உரிமையை, பின்னால் வந்த பலகை பறிக்க முடியாது. 2016இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஜொப்சன் எதிர் ஹோம்கார்ட் மேன்முறையீட்டில் நீதிபதி ஹாரிஸ் இந்தப் பக்கமே நின்றார். அங்கே குடியிருப்பாளர் மேசை ஒன்றை இறக்குவதற்காக வாசலருகே காரை நிறுத்தியிருந்தார். கவுன்டி நீதிமன்றத் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டலாம்.

லீஸில் எங்களுக்குப் பாதகமான ஒரு வரியும் இருந்தது. குடியிருப்பின் நல்ல நிர்வாகத்துக்காக நில உரிமையாளர் நியாயமான விதிகள் போடலாம் என்கிறது. கம்பனி இதைத்தான் பிடித்துக்கொள்ளும். பெர்மிட் வைக்கச் சொல்வதை நியாயமான விதி என்று வாதிடலாம். அது விழுந்ததற்காக மூன்றாம் ஆளுக்கு 100 பவுண் கடன்படுவதும் அதற்குள் அடங்குமா? அடங்காது என்றே நினைக்கிறேன். பதில் கடிதத்தில் அதற்குத்தான் கூடுதல் இடம் ஒதுக்கினோம்.

அடுத்தது திகதிகள். சம்பவம் 3ஆம் திகதி. கடிதம் அனுப்பியது 15, வெள்ளிக்கிழமை. கம்பனியின் சொந்தப் படங்களிலேயே கண்ணாடியில் எந்த நோட்டீஸும் ஒட்டப்படவில்லை. அப்படியானால் 2012ஆம் ஆண்டின் புரொடெக்‌ஷன் ஒஃப் ஃப்ரீடம்ஸ் சட்டம், நான்காம் அட்டவணைப்படி, மறுநாளிலிருந்து 14 நாளுக்குள், அதாவது 17ஆம் திகதிக்குள், கடிதம் கையில் கிடைத்திருக்க வேண்டும். தபாலில் போட்ட பிறகு இரண்டாவது வேலைநாளில் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். இங்கே அது 19, செவ்வாய். காலம் தவறினால் பதிவு உரிமையாளரிடம் கேட்க முடியாது, ஓட்டியவரிடம்தான் கேட்கலாம். ஓட்டியது யார் என்று சொல்லும் கடமை உரிமையாளருக்கு இல்லை.

"அப்ப, நான் நிப்பாட்டினன் எண்டு எழுதக்கூடாதோ?"

"எழுதாதீங்கோ அக்கா. 'வாகனம்', 'ஓட்டியவர்' எண்டு மட்டும் எழுதுங்கோ."

முதல் முறையீடு கம்பனிக்கு. அவர்கள் மறுத்தால், பார்க்கிங் கம்பனிகளின் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதைப் பொறுத்து பொப்லா அல்லது ஐஏஎஸ் என்ற மேன்முறையீட்டு அமைப்புக்கு. அங்கே தோற்றாலும் அந்த முடிவு அக்காவைக் கட்டுப்படுத்தாது. நிர்வாக முகவருக்கும் லீஸின் அந்தப் பக்கத்தை இணைத்து, இதை ரத்துச் செய்விக்கும்படி எழுதினோம். கடன் வசூலிப்பவர் கடிதம் வந்தால் பதறவேண்டாம், அவருக்கு வீட்டுச் சாமானைத் தொடும் அதிகாரம் இல்லை. கவுன்டி நீதிமன்றப் படிவம் வந்தால் மட்டும் ஒருநாளும் மூடிவைக்கக்கூடாது. பதில் போடாவிட்டால் கேளாமலே தீர்ப்பு வரும். அதை ஒரு மாதத்துக்குள் கட்டித் தீர்க்காவிட்டால் ஆறு வருடம் கடன் பதிவேட்டில் நிற்கும்.

இறங்கி வரும்போது கீழ்வீட்டுக்காரர் மறித்தார். அவருக்கும் அதே கம்பனியின் கடிதம். அவர் வாடகைக்கு இருப்பவர், லீஸைக் கண்டதேயில்லை. முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் தரிப்பிடம் எழுதியிருக்கிறதா பாருங்கோ, பிறகு வீட்டுக்காரரிடம் லீஸ் பிரதி கேளுங்கோ, அவர் தராவிட்டால் லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் கட்டணம் கட்டி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.