ராஜ்மா வைத்து ஒரு பந்தயம்

தீபாவளியன்று சீட்டாடாதவர்கள் அடுத்த பிறவியில் கழுதையாகப் பிறப்பார்கள் என்று வட இந்தியாவில் ஒரு நம்பிக்கை உண்டு. டெல்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த ஆபத்தைத் துணிந்து ஏற்றுக்கொண்டவள் நான். அக்கம்பக்கத்து வீடுகளில் தீன் பத்தி களைகட்டும். ஆளுக்கு மூன்று சீட்டு, நடுவில் நோட்டுகள், விடிய விடியக் கூச்சல். எனக்குத் தெரிந்ததெல்லாம் 13 சீட்டு ரம்மி. அதுவும் கோடை விடுமுறையில், பாட்டி வீட்டுத் திண்ணையில், காசில்லாமல்.

என் விரதத்தைக் கலைத்தவன் குருகிராமில் வேலை பார்க்கும் மகன். சம்பளம் வர ஆரம்பித்ததும் செல்போனில் போக்கர் ஆடத் தொடங்கினான். "இது சூதாட்டம் இல்லைம்மா, திறமை" என்பான். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை விதிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. செல்போன் ஆட்டம் நின்றது. வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் வீட்டு ஆட்டம் ஆரம்பமானது. கண்டிக்கலாம்தான். ஆனால் தலையும் வாலும் தெரியாத ஒன்றைப் பற்றி அவனிடம் என்னவென்று பேசுவது?

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி பாடம் நடத்த முன்வந்தார். எங்கள் காலனிக்கே அவர் 'அங்கிள்ஜி'. காசு வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டதால், ஆன்ட்டிஜி சமையலறையிலிருந்து ராஜ்மா கொண்டுவந்து கொட்டினார். ஆளுக்கு நூறு கொட்டைகள்.

விதிகளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த நிலையில் இரண்டு சீட்டு. பிறகு மேஜை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. திறப்பதற்கு முன் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் ஒரு சுற்று என்று நான்கு முறை பந்தயம். சீட்டு போடுபவருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சிறு தொகையும் அதைப் போல் இரு மடங்கும் வைத்தாக வேண்டும். இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். மற்றவர்கள் அதே அளவு வைத்தால் 'கால்', ஏற்றினால் 'ரெய்ஸ்', சீட்டைக் கவிழ்த்து விலகினால் 'ஃபோல்டு'. நம் ரம்மியில் 'ஸ்கூட்' என்போமே, அதுதான்.

52 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அதில் ஒரே ஜாதியில் பத்து முதல் ஏஸ் வரை வரிசையாக வரும் ராயல் ஃப்ளஷ் வெறும் 4. பாதிக்குச் சற்று அதிகமான கைகளில் ஒரு ஜோடிகூட இருக்காது. முதல் இரண்டு சீட்டும் ஏஸாக வருவது 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான். அதாவது, பெரும்பாலான நேரம் உங்கள் கையில் இருப்பது குப்பை.

"அதனால்தான் முதல் பாடம் எறிவது" என்றார் அங்கிள்ஜி. நான் ஆட்டத்துக்கு ஆட்டம் உள்ளே நுழைவதைப் பார்த்து, ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். என் கையிலும் மேஜையிலும் சேர்த்து நான்கு ஆர்ட்டின். இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. அது ஆர்ட்டினாக வந்தால் ஜெயிக்கலாம். நான் பார்க்காத சீட்டுகள் 46, அதில் ஆர்ட்டின் 9. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 60 கொட்டைகள். எதிராளி 30 வைக்கிறார். நானும் 30 வைத்தால் மொத்தம் 120. அதில் நான்கில் ஒரு பங்கு என்னுடையது. நான்கில் ஒரு பங்கு கொடுத்து ஐந்தில் ஒரு வாய்ப்பை வாங்குவது நஷ்ட வியாபாரம். கவிழ்த்துவிட வேண்டும். காய்கறிக்காரனிடம் ஒரு ரூபாய்க்கு வாதாடும் எந்தக் குடும்பத் தலைவிக்கும் இது புரியும்.

1967இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு மூன்று சீட்டு ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டம் என்றது. போக்கரில் திறமை இருக்கிறது என்ற மகனின் வாதத்தை அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமையில் பெரும் பகுதி, ஆடாமல் இருப்பதில் அல்லவா இருக்கிறது?

ஒரு சிக்கல் எழுந்தது. ராஜ்மாவுக்கு யாரும் பயப்படவில்லை. போக்கரில் எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளலாம். உதார் விடுவதற்கு இடம் இருப்பதே அதனால்தான். ஆனால் கொட்டை போனால் போகட்டும் என்று எல்லோரும் கடைசி வரை நின்றால் உதார் எடுபடுமா? இழப்பது வலித்தால்தான் இந்த ஆட்டமே நடக்கும். அது புரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் சில்லென்றது. காசு இந்த ஆட்டத்துக்குச் சேர்த்த மசாலா அல்ல, அடுப்பிலிருக்கும் நெருப்பு.

ஆன்ட்டிஜிதான் வழி சொன்னார். கொட்டை முதலில் தீர்ந்தவர் பாத்திரம் கழுவ வேண்டும். அவ்வளவுதான், மேஜையில் மௌனம் வந்துவிட்டது. ராணுவமே யோசித்து யோசித்துக் கவிழ்த்தது.

அடுத்த ஞாயிறு மகனும் வந்து உட்கார்ந்தான். வேகமாக ஆடினான், அழகாகவும் ஆடினான். எறியத்தான் மனம் வரவில்லை. எட்டு மணிக்குள் அவன் கொட்டைகள் தீர்ந்தன. குக்கர் உள்பட எல்லாவற்றையும் கழுவினான். துடைத்த கையோடு, "இன்னொரு நூறு கொடும்மா, ஜெயிச்சுடுவேன்" என்றான்.

நான் கொடுக்கவில்லை. ரம்மியில் 101 அல்லது 201 புள்ளி வந்தால் ஆள் அவுட். எப்போது வெளியேறுவது என்பதை ஆட்டமே சொல்லிவிடும். பணம் வைத்து வீட்டில் ஆடும் போக்கருக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கையில் இருக்கும் வரை, கடன் கிடைக்கும் வரை, அடுத்த சீட்டு வந்துகொண்டே இருக்கும். சீட்டைக் கவிழ்ப்பதற்கு விதி இருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கு இல்லை.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். இப்போது அவன் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, பர்ஸில் எண்ணி வைத்த தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, கார்டையும் செல்போனையும் ஹாலில் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். நான் சொல்லி அல்ல. அவனாகவே போட்டுக்கொண்ட விதி அது.