நோயாளி எழுதும் விலகல் கடிதம்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. நாம் பெருமைப்படத்தக்க விடயம் அது. ஆனால், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் வரிசையில் அமர்ந்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால், நோயைப் பற்றிய கவலைக்கு அடுத்ததாக வேலையைப் பற்றிய கவலையே வெளிப்படும். மருந்து இலவசம். அம்மருந்தை ஏற்றிக்கொள்வதற்கான மாதங்களை யார் தருவது?

கணக்கு எளிமையானது. மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை என்று ஆறு தடவைகள் மருந்தேற்றினால் நான்கு மாதங்கள் கடந்துவிடும். வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் கதிர்ச் சிகிச்சை தொடர்ந்தால் மேலும் ஐந்தாறு வாரங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டொன்றுக்கு வழங்குவதோ 14 நாள் வருடாந்த விடுமுறையும், சுகவீனம் உட்பட்ட தேவைகளுக்கான 7 நாள் விடுமுறையுமே. ஆக 21 நாட்கள்.

அப்படியானால் நோயாளியை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா? முடியாது. 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் தனியார் நிறுவனங்களில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த பிற காரணங்களுக்காக ஒருவரை நீக்குவதாயின், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆசியாவிலேயே கடுமையான சட்டங்களுள் ஒன்று எனத் தொழில் தருநர்கள் குறைப்பட்டுக்கொள்ளும் சட்டம் இது. ஆனால், 'எழுத்துமூலச் சம்மதம்' என்ற அந்தச் சிறிய கதவு வழியாகத்தான் நோயாளிகள் வெளியே அனுப்பப்படுகிறார்கள்.

நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்காளராக இருந்த நண்பருக்கு நிகழ்ந்ததும் அதுவே. எழுத்துப் பிழையொன்றைத் தவறவிட்டால் இரவு உறக்கம் கொள்ளாத மனிதர். தொண்டையில் புற்றுநோய் என்று தெரியவந்த மூன்றாவது வாரம், நிர்வாகம் அவரை அழைத்து மிகுந்த அன்புடன் பேசியது. “விலகல் கடிதம் தந்தால் பணிக்கொடையை உடனே தருகிறோம், சுகமானதும் வாருங்கள், பார்ப்போம்” என்றார்களாம். “அண்ணை, செலவுக்குக் காசு வேணும், எழுதிக் குடுத்திட்டன்” என்று மறுநாள் என்னிடம் சொன்னார். ஒன்பது மாதங்களின் பின் அவர் சுகமாகித் திரும்பியபோது, அவரது நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கோவையில் இருந்த கடிதத்திலோ, ‘தனிப்பட்ட காரணங்களினால்’ விலகுவதாக எழுதப்பட்டிருந்தது. நோய் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்களில் அங்கே எந்த அநீதியும் நிகழவில்லை.

வற்புறுத்தலின் பேரில் எழுதியதென்று பின்னர் நிரூபிப்பது இலகுவன்று. தொழில் ஆணையாளரிடம் முறையிடுவதற்கான ஆறு மாத காலமும் சிகிச்சையிலேயே கழிந்துவிடும்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே அந்த ஊழியருக்கு மாற்றுத்திறனாளிகளுக்குரிய பாதுகாப்பை அளிக்கிறது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், 2025 ஜூன் முதல் கடும் நோயுற்றவர்களுக்கு 27 வாரங்கள் வரை சம்பளமற்ற, ஆனால் வேலை பாதுகாக்கப்பட்ட விடுமுறை உண்டு.

இங்கே அது இயலாது என்பதற்கில்லை. மகப்பேற்றுக்காக 84 நாட்கள் ஒரு நாற்காலியைக் காத்து வைத்திருக்க நமது நிறுவனங்கள் பழகியுள்ளன. சிறு முதலாளிக்கு இது சுமையாகும் என்பது உண்மையே. எனவே சம்பளம் இல்லாவிடினும், விசேட வைத்திய நிபுணர் குறிப்பிடும் காலம் வரை பதவியையேனும் ஒதுக்கி வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். சிகிச்சையிலுள்ள ஒருவர் கொடுக்கும் விலகல் கடிதம், தொழில் அதிகாரி ஒருவரின் முன் உறுதிசெய்யப்பட்ட பின்னரே செல்லுபடியாக வேண்டும்.

அச்சட்டம் வரும் வரை ஒரு வேண்டுகோள். நோயுற்ற வேளையில், எவ்வளவு அன்புடன் நீட்டப்பட்டாலும், எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்திடாதீர்கள். வைத்தியரின் கடிதத்துடன் சம்பளமற்ற விடுமுறையை எழுத்தில் கேளுங்கள். பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள்.