என்ன முறை வேண்டும்?

நம்மவர் நால்வர் கூடினால் ஐந்து சங்கம் தோன்றும் என்று பிறர் பரிகசிப்பதுண்டு. பரிகாசம் முற்றும் பொய்யன்று. ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையிலும், அதிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் பிரியும் செம்மண் பாதைகளிலும் கோயில் பரிபாலன சபை, இளைஞர் மன்றம், தொழிற்சங்கக் கிளை, மரண சகாய சங்கம் என்று எத்தனையோ பெயர்ப்பலகைகளைக் காணலாம். பலகை பெரிதாகவும் காரியம் சிறிதாகவும் இருப்பதும் உண்டு. எனினும், இவை எதற்காகத் தோன்றின என்பதை மறந்துவிட்டு நகைப்பது தகாது.

பால்மரக் காட்டுக்குக் கப்பலேறி வந்தவனுக்கு இங்கே தாயுமில்லை, தாய்மாமனுமில்லை. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைப்பார் யார், இறந்தால் பாடை கட்டுவார் யார் என்பதே அவனுடைய முதற்கவலை. லயத்தில் ஒருவன் இறந்தால் பிரட்டுக்களத்தில் ஒரு துண்டை விரித்து ஆளுக்குச் சில காசு போடுவார்கள் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துண்டுதான் பின்னர் உண்டியலாயிற்று, உண்டியல் சங்கமாயிற்று, சங்கத்துக்குத் தலைவரும் காரியதரிசியும் ரப்பர் முத்திரையும் வந்து சேர்ந்தன. உறவு இல்லாத இடத்தில் உறவு செய்யவேண்டிய காரியத்தைச் செய்ய ஏற்பட்டதே சங்கம்.

இதை நான் நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆணிடம் காதல் கொள்ளும் ஆண்களும், பெண்ணிடம் காதல் கொள்ளும் பெண்களும் தமக்கென்று சில சங்கங்களை வைத்திருக்கிறார்கள். தன்பாலீர்ப்புடையோர் என்று இக்காலத்துத் தமிழ் அவர்களைக் குறிக்கிறது. தோட்டத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர்கள் யாவும் வசைகளே. அவற்றை இங்கே எழுதி மையைக் கெடுக்க விரும்பவில்லை. "இவர்களுக்கு எதற்கையா சங்கம்?" என்று அண்மையில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். கேட்டவர் முப்பது ஆண்டுகளாக ஐந்து சங்கங்களில் பொருளாளராயிருப்பவர்!

எங்கள் பகுதி மரண சகாய சங்கமொன்றில் நான் காரியதரிசி. சங்கத்தின் பெயர் வேண்டாம். அதில் மாதம் தவறாமல் சந்தா கட்டும் அங்கத்தினர் ஒருவர் உண்டு. வயது ஐம்பதைக் கடந்தவர், பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், மணமாகாதவர். ஊரார் அடையாளம் காணாவண்ணம் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவரும், கடற்கரைப் பக்கத்தில் மீன்கடையில் வேலை பார்க்கும் இன்னொருவரும் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வசிக்கிறார்கள். தீபாவளிக்கு ஒரே நிறத்தில் சட்டை எடுப்பார்கள். இருவரைப்பற்றியும் ஊருக்குத் தெரியும். தெரியும் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இவ்வகை மௌனத்தையே நம்மவர் பெருந்தன்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு விண்ணப்பத் தாள் வந்ததும் அப்பெருந்தன்மையின் நீளம் தெரிந்துவிட்டது.

அங்கத்தினர் விவரங்களைப் புதுப்பிக்கும்பொருட்டுச் சங்கம் ஒரு தாள் கொடுத்தது. 'வாரிசின் பெயர்' என்று ஒரு கட்டம். அதனையடுத்து 'முறை' என்று ஒரு கட்டம். லாரிக்காரர் முதற்கட்டத்தில் தம்முடன் வசிப்பவர் பெயரை எழுதினார். இரண்டாவதை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். செயற்குழுவில் ஒருவர் தாளைத் தூக்கிப் பிடித்து, "தம்பி, இவர் உனக்கு என்ன முறை வேண்டும்?" என்று கேட்டார். அண்ணனா, மைத்துனனா, பங்காளியா என்று அடுக்கினார். லாரிக்காரர், "ஒரே வீட்டில் இருக்கிறோம், ஐயா" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. 'நண்பர்' என்று எழுதிக்கொள்ளலாமென்று நான் சொன்னேன். நண்பருக்கு விதியில் இடமில்லை என்றார்கள். வாக்கெடுப்பில் நானும் இன்னொருவரும் ஒரு பக்கம், மற்றையோர் மறுபக்கம். பல ஆண்டுகளாக அவர் வீட்டு வாசலை மிதியாத ஒரு தமையனார் பெயரை எழுதும்படி அவருக்கு யோசனை கூறப்பட்டது.

முறை என்னும் சொல்லை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். உறவுக்கும் அதுவே சொல். ஒழுங்குக்கும் அதுவே சொல். உறவின் பெயர் இன்னதென்று சொல்ல இயலாதவனை ஒழுங்கில்லாதவன் என்று தீர்த்துவிட நம் மொழியே நமக்கு வசதி செய்து வைத்திருக்கிறது போலும்.

சில வாரங்கள் கழித்து லாரிக்காரர் என்னைக் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றார். ஒரு வீட்டு மாடி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சில தமிழர்கள் கூடுகிறார்கள். எத்தனை பேரென்று எழுதமாட்டேன். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஏழுபேர் சேர்ந்தாலே அது சங்கமாகிவிடும், பதிவும் கேட்கும். பெயரில்லை, பலகையில்லை, முத்திரையில்லை. ஒரு பால்மாவு டின்னில் ஆளுக்குப் பத்து வெள்ளி போடுகிறார்கள். எவரேனும் மருத்துவமனையில் படுத்தால் முறைவைத்துப் போய் உட்காருகிறார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பையனுக்கு அந்தப் பணத்தில் ஓர் அறைக்கு முன்பணம் கட்டியதாகக் கணக்குப் புத்தகத்தில் கண்டேன். கணக்கு எங்கள் சங்கத்துக் கணக்கைக் காட்டிலும் துப்புரவாக இருந்தது. அங்கிருந்தோரில் ஒரு மூதாட்டி. மகனுடன் பஸ் ஏறி வந்தவர். "நான் போன பிறகு இவனுக்குச் சோறு ஆக்கிப் போடுவார் இருக்கிறார்களா என்று பார்க்க வந்தேன்" என்றார். இடியப்பமும் தாமே அவித்துக் கொண்டு வந்திருந்தார்.

பிரட்டுக்களத்துத் துண்டும் இந்த டின்னும் வேறு வேறா என்று வாசகர்களே சொல்லட்டும்.

இத்தகைய கூட்டங்கள் மேல்நாட்டு இறக்குமதி என்பர் சிலர். சங்கப் பதிவு முறையும் மேல்நாட்டு இறக்குமதியே. அதை ஒருவரும் குறைசொல்லக் காணோம். கோலாலம்பூரில் 1987இல் 'பிங்க் டிரையாங்கிள்' என்னும் ஸ்தாபனம் தோன்றிற்று. எயிட்ஸ் நோயின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் அது. தொலைபேசியில் ஆலோசனை கூறுவதை அது முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. இளஞ்சிவப்பு முக்கோணம் என்பது அப்பெயரின் பொருள். ஜெர்மனியில் நாஜிகள் தம் சிறைமுகாம்களில் இத்தகைய ஆண்களின் சட்டையில் தைத்த அடையாளம் அது. பின்னாளில் பி.டி. அறக்கட்டளை என்று பெயர் கொண்டது. சிங்கப்பூரில் 1993இல் தோன்றிய 'பீப்பிள் லைக் அஸ்' என்னும் குழு பதிவு கேட்டு 1997இலும் 2004இலும் மறுக்கப்பட்டது. கொழும்பில் 'ஈக்குவல் கிரவுண்ட்' 2004 முதல் இருக்கிறது. சென்னையில் 1998இல் 'சகோதரன்' தோன்றிற்று. 2003இல் சில நண்பர்கள் கூடத் தொடங்கிய சிறு குழு 'ஓரினம்' என்று வளர்ந்து, சம்பளமில்லாத தொண்டர்களைக் கொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி அளித்து வருகிறது. கேரளத்துச் 'சகயாத்ரிகா' 2002இல் தோன்றிய காரணம் கேட்போர் நெஞ்சைக் கலக்கும்: ஒருவரையொருவர் நேசித்த பெண்கள் இணை இணையாக உயிர் மாய்த்துக்கொண்ட செய்திகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதைக் கண்டு பொறாதவர்கள் கூடி அமைத்தது அது. 'எதற்கையா சங்கம்' என்று கேட்ட பெரியவருக்கு அதை மட்டும் சொன்னேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பெண்கள் நிலை ஆண்களின் நிலையினும் கடிது. லாரிக்காரர் வீட்டைவிட்டு வந்து லாரி ஓட்டிப் பிழைக்க முடிந்தது. ஒரு பெண் தன் தோழியோடு போய்விட்டால், காணவில்லை என்று போலீசில் எழுதிவைப்பார்கள். திரும்பக் கொண்டுவந்தால் முதலில் பூசாரி, அடுத்து மாப்பிள்ளை.

மதுரையிலிருந்து அப்படிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கை நம்மவர் அறிந்துகொள்வது நலம். பெற்றோர் புகார் கொடுத்தனர். போலீசார் விசாரிக்கத் தொடங்கினர். ஒரு தொண்டு ஸ்தாபனத்தின் உதவியில் தங்கியிருந்த அப்பெண்கள் உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயம் தமக்கு முழுதும் விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல், உளநூல் அறிந்த ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடம் கேட்டார். நீதிபதி மாணாக்கராவது அரிய காட்சி. 2021 ஜூன் 7ஆம் நாள் அவர் இட்ட கட்டளையில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். காணாமற்போனவர் வயது வந்தவர், தம் விருப்பப்படி துணையுடன் போனார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லையின்றிப் போலீசார் புகாரை முடித்துவிடவேண்டும் என்பது ஒன்று. இத்தகையோருக்கு உதவும் அனுபவமுள்ள ஸ்தாபனங்களின் பட்டியலை அரசு வெளியிடவேண்டும், இடருற்றவர் அவற்றை நாடலாம், அவர்களைப்பற்றிய குறிப்புகள் மறைவாகக் காக்கப்படவேண்டும் என்பது மற்றொன்று. வீட்டு மாடியில் டின் வைத்து நடத்தும் காரியத்தை நீதிமன்றமே ஒரு காரியமென்று மதித்தது. இயல்பை மருந்தால் மாற்றுகிறோம் என்று கிளம்பும் வைத்தியத்தையும் அக்கட்டளை தடுத்தது.

அதே நீதிமன்றத்தில் 2025 மே மாதம் இன்னொரு வழக்கு. தன் துணையைப் பெற்றோர் அடைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் முறையிட்டாள். மனுவில் தன்னை 'நெருங்கிய தோழி' என்றே எழுதியிருந்தாள். அவள் ஏன் அப்படி எழுதினாளென்பது தங்களுக்கு விளங்குகிறது என்று நீதிபதிகள் கூறி, அடைபட்டவளைத் தன் விருப்பப்படி செல்ல விட்டனர். குடும்பம் அமைவதற்கு மணம் ஒன்றே வழியன்று என்றும் எழுதினர். அதை வாசித்தபோது எங்கள் சங்கத்தின் வெறுங்கட்டம் என் கண்முன் நின்றது.

நம் நாட்டு நிலை வேறு. 1860இல் இந்தியாவுக்கென்று ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, நம் பாட்டனார் வந்த வழியே மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. எழுதியவர் நாட்டில் 1967இல் அச்சட்டத்தின் இனம் தளர்ந்தது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6இல், வயதுவந்தோர் மனமொத்து நடப்பதற்கு அது பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. சிங்கப்பூரில் 2022இல் அதன் கிளைப்பிரிவை நீக்கப் பார்லிமெண்டு வாக்களித்தது. இங்கே 377பி பிரிவின்படி இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 2008 முதல் கோலாலம்பூரில் ஆண்டுதோறும் நடந்துவந்த 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்னும் விழாவை 2011 நவம்பரில் போலீசார் தடைசெய்தனர். ஆகையால் கிள்ளான் மாடிக்குப் பலகை இல்லாததில் வியப்பில்லை. எனினும் அப்பிரிவு தண்டிப்பது ஒரு செயலை. இருவர் ஒரு கூரையின்கீழ் வாழ்வதையும், ஒருவர் மற்றவர்க்குச் சொத்து எழுதி வைப்பதையும் அது தொடவில்லை.

இந்த வேற்றுமையை லாரிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மாடிதான், எங்கள் சங்கமன்று. முஸ்லிமல்லாத ஒருவர் 1959ஆம் ஆண்டு உயில்கள் சட்டத்தின்படி தம் பொருளை எவருக்கும் எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருந்து கையெழுத்திடவேண்டும். பொருள் பெறுபவர் சாட்சியாகலாகாது. உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் இரத்த உறவையும் மண உறவையுமே தேடிச் செல்லும்; பத்தொன்பது ஆண்டு உடனிருந்தவர் அதன் கண்ணுக்குப் புலப்படமாட்டார். ஊழியர் சேமநிதியில் பெயர் நியமிக்கும்போதும் முஸ்லிமல்லாதவர் தாம் விரும்பியவரை நியமிக்கலாம். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அன்று வந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். மணமாகாத அத்தைமாரும், கைம்பெண்களும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட கிழவர்களும் நம் லயங்களில் எத்தனை பேர்! அவர்களுக்கும் இந்தத் தாள் வேண்டியதே. ஒன்றை வாங்கி வந்து நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

லாரிக்காரர் உயில் எழுதிவிட்டார். சேமநிதியிலும் பெயர் ஏறிவிட்டது. எங்கள் சங்கத்துக் கட்டம் மட்டும் அப்படியே கிடக்கிறது. தமையனார் பெயரை எழுத அவர் உடன்படவில்லை, சந்தாவை நிறுத்தவுமில்லை. வாரிசு இல்லாத அங்கத்தினர் இறந்தால் தொகை யாருக்கென்று விதியில் ஒரு வரியும் இல்லாததால், இன்று அவர் கண்ணை மூடினால் பாடைச் செலவுக்குக்கூடச் செயற்குழு கூடித்தான் தீர்மானிக்கவேண்டும்.

வருகிற பொதுக்கூட்டத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். 'முறை' என்னும் கட்டத்தை எடுத்துவிட்டு, 'அங்கத்தினர் குறிப்பிடும் நபர்' என்று ஒரே கட்டமாக்கவேண்டும் என்பது அது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நிறைவேறினால் சங்கப் பதிவதிகாரியின் அனுமதியும் வேண்டும். முன்மொழிபவன் நான். வழிமொழிய ஒருவர் தேவைப்பட்டது. ஐந்து சங்கங்களின் பொருளாளரான அப்பெரியவர் நேற்று மாலை வந்து, தாளை இரண்டுமுறை வாசித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டம் காலை ஒன்பது மணிக்கு.